அஞ்சாவது கையெழுத்து

மேல வைங்கன்னு சொல்றாரு கண்டக்டரு. இத எப்படிம்மா மேல வைக்கிறது? ரோடு இருக்குற இருப்புக்கு உருண்டு யார் தலையிலயாவது விழும். மடியிலதான் இருக்கும். உன் முழங்கையில இடிச்சாச் சொல்லு தங்கச்சி, இந்தப் பக்கம் சாச்சுக்கிறேன்.

பறைதான். ஆமா. சேலையில சுத்தி வச்சிருக்கேன், சொளகுன்னு நெனச்சியாக்கும். எம் பேரு முத்துப்பேச்சி. உசிலம்பட்டி செங்காந்தள் மகளிர் பறைக்குழு, கேள்விப்பட்டிருக்கியா? இல்லையா? வில்லிபுத்தூர்க்காரங்களுக்கு எங்கிட்டுத் தெரியப்போகுது. தேனிப் பக்கம் வந்து கேட்டுப்பாரு. முத்துப்பேச்சின்னு சொன்னா, யாரு, அந்தச் செங்காந்தளான்னு எந்திரிச்சு நிப்பாங்க.

அது என் போனுதான். அடிக்கும். அடிக்கட்டும் விடு. எடுக்கமாட்டேன்.

மணி என்ன இப்ப? நாலேகாலா? நாலு மணிக்கு நான் வத்தலக்குண்டு மைதானத்துல இருக்கணும். அங்க பத்தொம்பது குழுவும் என்னத் தேடிக்கிட்டிருக்கும். வத்தலக்குண்டு வடக்க. இந்த பஸ் போறது தெக்க. தெரியாம ஏறிட்டேன்னு நெனைக்காத. பஸ் ஸ்டாண்டுல ரெண்டு பஸ்ஸும் பக்கத்துல பக்கத்துலதான் நின்னுச்சு. போர்டப் படிச்சுப் பாத்துட்டுத்தான் இதுல ஏறுனேன். ராஜபாளையத்துல எனக்கு யாரும் இல்ல. ஒரு வேலையும் இல்ல. போய் ஒரு டீயக் குடிச்சிட்டு அடுத்த பஸ்ல திரும்பி வருவேன். அதுக்குள்ள அங்க எல்லாரு மூஞ்சியிலயும் கரியப் பூசுனாப்புல ஆயிரும்.

சொல்றேன். வில்லிபுத்தூர் போக இன்னும் நேரம் கெடக்குல்ல.

வைகைப் பறைக் கூட்டமைப்புன்னு ஒண்ணு இருக்கு. பத்தொம்பது குழு. தை தொடங்கி வைகாசி வரைக்கும், ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழமை ஒரு ஊர்ல போட்டி. எல்லாக் குழுவும் சேந்து ஊர் ஊராப் போவோம். குழுவுக்கு இருபது நிமிஷம். நடுவருங்க மார்க் போடுவாங்க. வைகாசியில எல்லா ஊர் மார்க்கையும் சேத்து, கூடுனவங்களுக்குக் கோப்பை.

இதுல பெரிய குழு நாலு. நாப்பது பேரு, அம்பது பேரு, சொந்த வண்டி, ஆளுக்கு ஒரே நெறத்துல சட்டை. அதுல எல்லாத்துக்கும் பெருசு பெரியகுளம் துரைசிங்கம் அண்ணன் குழு. அந்த மனுசன் மைதானத்துல கால வச்சாலே கூட்டம் விசிலடிக்கும். அந்த நாலுக்கு அடுத்து நாங்க. இருபத்தெட்டுப் பொம்பளைங்க. அஞ்சாவது எடம். பத்தொம்பதுல அஞ்சாவதுன்னா லேசுப்பட்ட காரியமில்ல, அத நீ நல்லா மனசுல வச்சுக்க. மிச்சம் பதினாலும் சில்லறை. ஆறு பேரு, எட்டுப் பேரு, கெடச்ச சட்டையப் போட்டுக்கிட்டு டவுன் பஸ்ல வந்து எறங்குறது.

அந்தச் சில்லறையில ஒருத்திதான் தங்கப்பொண்ணு. எங்க வீட்டுக்காரரு கூடப்பொறந்தவ. எனக்கு நாத்தனா.

எட்டு வருஷம் எங்கூட ஆடுனவம்மா அவ. எனக்கு எடது பக்கம் நிப்பா. நல்லா அடிப்பா, அத நான் இல்லைங்கல. ஆனா பேராசை. நான் தலைவியா இருக்குறது அவ கண்ண உறுத்திக்கிட்டே இருந்திருக்கு. மூணு வருஷத்துக்கு முன்னாடி ஆண்டிபட்டிப் போட்டி. நாங்க எறங்கி அடிச்சிக்கிட்டிருக்கோம், கூட்டம் கொந்தளிக்குது. இவ கிட்ட வந்து என் காதுல சொல்றா, "மதினி, அடி முந்துது. கொஞ்சம் நிதானிச்சுக்கங்க"ன்னு.

எனக்கு! இருபத்தேழு பேருக்கு முன்னாடி!

ரகசியமாத்தான் சொன்னா. ஆனா காதுல சொல்றது மத்தவங்க கண்ணுக்குத் தெரியாதா? அப்புறம் மார்க் சீட்ட வாங்கிப் பாத்தா, மூணு நடுவரும் ஒண்ணுபோல எழுதியிருக்காங்க, தாளம் முந்துகிறதுன்னு. இவ சொன்னது அவங்க காதுல விழுந்திருக்கு. இல்லைன்னா மூணு பேருக்கும் எப்படி ஒரே மாதிரி தோணும், நீயே சொல்லு. அடுத்த வருஷமும் அதேதான் எழுதுனாங்க. ஒருக்கா பேரு கெட்டுப்போச்சுன்னா அம்புட்டுத்தான்.

அன்னைக்கே அவளப் போகச் சொல்லிட்டேன். அழுதா. அழட்டும்னு இருந்துட்டேன். ஆறு மாசத்துல அவ ஆறு பேரச் சேத்துக்கிட்டு தனியாக் குழு ஆரம்பிச்சா. குருவிக்கூடுன்னு பேரு. மொத்தம் ஏழு பேரு. அதுல ஒருத்தி தையல்கார அம்மா, ஒருத்தி சத்துணவு ஆயா. நான் சிரிச்சேன். எங்க வீட்டுக்காரரு சிரிக்கல. "நல்லாத்தான் ஆடுறாங்க"ன்னாரு. அன்னைக்கு ராத்திரி அவரு சாப்பாட்ட அவரே போட்டுச் சாப்பிட்டாரு.

போன வருஷக் கடைசியில என்ன ஆச்சு தெரியுமா? எல்லா மார்க்கையும் கூட்டிப் பாத்தா, நாலு பெரிய குழு முதல் நாலு. அஞ்சாவது குருவிக்கூடு. ஏழு பேரு! நாங்க ஆறாவது. மேடையில கூப்பிட்டு அவளுக்குச் சால்வை போடுறாங்க. அவ அந்தச் சால்வையோட எறங்கி நேரா எங்கிட்ட வந்து, "உங்ககிட்ட கத்துக்கிட்டதுதான் மதினி"ங்குறா. குத்திக் காட்டுறதுலயே இது ஒரு தினுசு. வெளியில இருந்து பாக்குறவங்களுக்கு மரியாதை மாதிரியே தெரியும்.

வயிறெரிஞ்சு போச்சு தங்கச்சி. மூணு நாள் பறையத் தொடல.

அப்பத்தான் துரைசிங்கம் அண்ணன் அந்தப் பேச்ச எடுத்தாரு. பெரிய குழுவெல்லாம் தனியாப் பிரிஞ்சு போகலாம்னு. அவரு சொன்னதுல நாயம் இருக்கு. பத்தொம்பது குழு ஆடி முடிக்க ஆறு மணி நேரம் ஆகுது. ரெண்டு மணிக்கு ஆரம்பிச்சா பெரிய குழு எறங்க எட்டு ஆகிருது. அதுக்குள்ள நடுவருங்களுக்குக் கொட்டாவி வந்துருது. அம்பது பேரக் கூட்டிக்கிட்டு வந்து வெயில்ல ஒக்கார வச்சு, ஆறு பேரு தப்பும் தவறுமா ஆடுறதப் பாத்துக்கிட்டிருக்கணும். நல்ல குழு நல்ல குழுவோட மோதுனாத்தான் தரம் கூடும்னாரு. எனக்கும் அப்படித்தான் பட்டுச்சு. முன்னாடியே பட்டிருக்கும், வாய்விட்டுச் சொல்லல.

பொதுக்குழு கூடுச்சு. சின்னக் குழுக்காரங்க ஆளாளுக்குக் கத்துனாங்க. தங்கப்பொண்ணு மட்டும் கத்தல. எந்திரிச்சு, "அண்ணே, உங்களப் பாத்துத்தான் நாங்க படிக்கிறோம். எங்களப் பாக்கத்தான் எங்க ஊர்ச் சனம் வண்டி கட்டிக்கிட்டு வருது. வந்த சனம் உங்களையும் பாத்துட்டுப் போகுது. பிரிஞ்சா ரெண்டு பேருக்கும்தான நட்டம்?"னு சொல்லிட்டு ஒக்காந்துட்டா. வீட்டுல கண்ணாடி முன்னாடி நின்னு மனப்பாடம் பண்ணிட்டு வந்திருப்பா. துரைசிங்கம் அண்ணன் ஒரு நிமிஷம் தலையச் சொறிஞ்சாரு. ஆள் கரையுறாருன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு. விடுவேனா?

முதல் அஞ்சு குழு தனியாப் போகலாம்னுதான் அவங்க எழுதி வச்சிருந்தாங்க. முதல் அஞ்சுன்னா குருவிக்கூடும் வந்துரும்ல? நான் எந்திரிச்சேன். "எடத்த வச்சுப் பிரிக்காதீங்க, ஆள வச்சுப் பிரிங்க. இருபது ஆளுக்குக் கொறஞ்ச எதையும் பெரிய குழுன்னு கணக்குல எடுக்கக்கூடாது"ன்னேன். மைதானத்த நெறைக்க ஆள் வேணும்ல, நாயந்தான? துரைசிங்கம் அண்ணன் "அதுவும் சரிதான்"ன்னுட்டாரு. அப்படியே விதியா எழுதுனாங்க. நாலு பெரிய குழு, அஞ்சாவது செங்காந்தள். நான் தங்கப்பொண்ணத் திரும்பிப் பாத்தேன். முகத்துல ஈயாடல.

இன்னொண்ணும் எழுத வச்சேன். இந்தப் பிரிவினைய எப்பவாவது கலைக்கணும்னா அஞ்சு குழுத் தலைவருங்களும் கையெழுத்துப் போடணும். ஒருத்தர் போடலைன்னாலும் செல்லாது. நாளைக்கு இவங்க மனசு மாறிரக்கூடாது பாரு. அந்த விதிக்காகத்தான் நான் இப்ப இந்த பஸ்ல ஒக்காந்திருக்கேன். இரு, அந்தக் கதைக்கு வர்றேன்.

என்ன சத்தம்? எழுமலையா? ரெண்டு பேரு எறங்குறாங்க. சரி.

மொத தனிப் போட்டி போடியில. தை மாசம். மலையடிவாரம்ல, அஞ்சு மணிக்கெல்லாம் குளிர் எறங்கிருச்சு, தூறல் வேற. உனக்குப் பறையப் பத்தித் தெரியுமோ என்னமோ. ஈரம் பட்டா தோல் தொங்கிரும். அடிச்சா பொத்பொத்துன்னு சத்தம் வரும். தீ மூட்டி, அதுல காட்டிக் காய்ச்சுனாத்தான் கணீர்னு கேக்கும். ஒவ்வொரு தடவையும் எறங்குறதுக்கு முன்னாடி காய்ச்சணும்.

அஞ்சு குழுவும் வந்து எறங்கிருச்சு. கிட்டத்தட்ட எரநூறு பேரு. துரைசிங்கம் அண்ணன் பறையத் தூக்கிக்கிட்டு நடந்து வந்து, "தீ எங்கப்பா?"ங்குறாரு. கம்பம் பெரிய குழு இருக்குல்ல, அந்தக் கம்பத்துக்காரங்கள நான் பாக்குறேன். கம்பத்துக்காரங்க என்னப் பாக்குறாங்க. தீ இல்ல. வக்கப்புல்லு இல்ல. எரநூறு பேர்ல ஒருத்தர்கிட்டயும் ஒரு கட்டு ஓலை இல்ல தங்கச்சி. இத்தன வருஷமா சின்னக் குழுக்காரங்க மத்தியானமே வந்து, வயக்காட்டுல வக்கப்புல்லு கேட்டு வாங்கி, தீ மூட்டி, கடைசிக் குழு ஆடுற வரைக்கும் அணையாம பாத்துக்கிட்டிருந்திருக்காங்க. நாங்க வண்டியில வந்து எறங்குவோம், தீ எரிஞ்சுக்கிட்டிருக்கும். அது யாரு மூட்டுற தீன்னு நாங்க எதுக்கு யோசிக்கப் போறோம்? தீன்னா மைதானத்துலயே இருக்கும்னுதான் நெனச்சுக்கிட்டிருந்தோம்.

பக்கத்துல ஒரு மாட்டுத் தொழுவத்துல போயி வக்கப்புல்லு வாங்கிட்டு வந்தாங்க. ஈரம். புகையுது, எரியமாட்டேங்குது. எவனோ பைக்ல இருந்து பெட்ரோல எறக்கி ஊத்துனான். குப்புனு ஆளுயரத்துக்கு எந்திரிச்சுச்சு. நான்தான் முன்னாடி நின்னேன், பறையக் காட்டுனேன். டப்புன்னு ஒரு சத்தம். பாத்தா தோல் குறுக்க கிழிஞ்சு போச்சு. என் பறை. பதினோரு வருஷம் அடிச்ச பறை.

இதுலயும் தங்கப்பொண்ணு கைதான் இருக்கு. ஏன் சிரிக்கிற? நல்லா யோசிச்சுப் பாரு. எட்டு வருஷம் எங்கூட இருந்தா. என் பறைய அவதான் காய்ச்சுவா. கையில வாங்கித் தடவிப் பாப்பா, காதுகிட்ட வச்சுச் சுண்டிப் பாப்பா, அப்புறம் "இந்தாங்க மதினி"ன்னு குடுப்பா. ஒரு நாளாவது, இவ்வளவு தூரத்துல பிடிக்கணும், இத்தன நேரம் காட்டணும்னு எனக்குச் சொல்லிக் குடுத்தாளா? மாட்டா. தானே செஞ்சு தானே செஞ்சு என்ன ஒண்ணும் தெரியாதவளாவே வச்சிருந்திருக்கா. எட்டு வருஷத் திட்டம்மா அது.

அந்த வாரமே எங்க வீட்டுக்காரருகிட்ட ஒரு பறை குடுத்துவிட்டா. புதுசா தோல் கட்டுனது. இந்தா, இதுதான். வாங்கமாட்டேன்னு நெனச்சிருப்பா. வாங்கிக்கிட்டேன். என் பறை கிழிஞ்சதுக்கு அவதான பொறுப்பு? நல்ல பறைதான். தட்டிக் காட்டுறேன், கேக்குறியா? வேணாம், அந்தப் பெரியவரு தூங்குறாரு.

அதுக்கப்புறம் ஒவ்வொரு வாரமும் போனோம். கூட்டம் கொஞ்சம் கொறஞ்சது. கொஞ்சம்னா, முன்னாடி ஆயிரம் பேரு இருந்த எடத்துல நூறு பேரு. ஆனா தரமான கூட்டம். நாற்காலியில ஒக்காந்து பாக்குற கூட்டம். விசிலடிக்கிறது, கத்துறது ஒண்ணும் கெடையாது. கைதட்டக்கூட யோசிச்சுத்தான் தட்டுவாங்க. அங்குட்டு சின்னக் குழுக்காரங்க தனியா ஊர் ஊராப் போயிருக்காங்க. ஒரு ஊர்ல மரத்து மேலயெல்லாம் ஏறி ஒக்காந்து பாத்தாங்களாம். மரத்துல ஏறிப் பாக்குற கூட்டத்துக்கு என்ன தெரியும்?

எங்களுக்கு எத்தனாவது எடம்னா கேக்குற? அஞ்சாவதுதான். எப்பவும் அதே எடந்தான, நாங்க ஒண்ணும் எறங்கல. அஞ்சுல அஞ்சாவது. ஆனா இந்தச் சனங்க வாய் இருக்கே, முன்னாடி அஞ்சாவதுன்னு சொன்னவங்க இப்ப கடைசிங்குறாங்க. ஆறு வாரமும் கடைசி, ஏழு வாரமும் கடைசின்னு ஒருத்தன் மைக்லயே சொன்னான். துரைசிங்கம் அண்ணன் ஒரு நா எங்கிட்ட வந்து, "தங்கச்சி, கோவிச்சுக்காத, தாளம் கொஞ்சம் முந்துதும்மா"ன்னாரு. அவரு வரைக்கும் எட்டிருச்சு பாத்தியா, அவ பரப்பி விட்டது!

எங்க பொம்பளைங்க ஒவ்வொருத்தியா நின்னுக்கிட்டாங்க. எவ்வளவு நாளைக்குக்கா கடைசியில நிக்கிறதுன்னு ஒருத்தி. வீட்டுல வேலையிருக்குன்னு ஒருத்தி. இருபத்தெட்டு இருபத்தொண்ணாச்சு, பதினாறாச்சு, இப்ப என்னச் சேக்காம ஒம்போது. பாதிப் பேரு தங்கப்பொண்ணுகிட்டப் போயி சேத்துக்கன்னு கேட்டிருக்காங்க. அவ என்ன சொன்னா தெரியுமா? "மதினிய விட்டுட்டு வராதீங்க, அங்கயே இருங்க"ன்னு திருப்பி அனுப்பிட்டா. எப்பேர்ப்பட்ட நடிப்பு! சேத்துக்கிட்டிருந்தான்னா, என் ஆள இழுத்துட்டான்னு நான் ஊரக் கூட்டியிருப்பேன். அதுக்கும் வழியில்லாமப் பண்ணிட்டா. அங்கயும் போகாம எங்கிட்டயும் வராம அவளுக வீட்டுல ஒக்காந்துட்டாளுக.

சித்திரையில அந்த நாலு பெரிய குழுவுக்கும் புத்தி மாறிப்போச்சு. கூட்டம் இல்ல, கூப்பிடுற ஊரும் கொறஞ்சு போச்சு, மறுபடியும் எல்லாரும் ஒண்ணாப் போகலாம்னு. எனக்குத் தெரியாமயே பேசி முடிச்சிட்டு அப்புறந்தான் எங்கிட்டச் சொன்னாங்க. பிரியணும்னு சொன்னவரும் துரைசிங்கம் அண்ணன்தான், சேரணும்னு சொல்றவரும் அவருதான். நடுவுல நான் யாரு? யாருக்காக நான் எங்க வீட்டுக்காரரோட தங்கச்சிய எதுத்து நின்னேன்? அவ வீட்டு வளைகாப்புக்குக்கூட நான் போகல. எங்க வீட்டுக்காரரு மட்டும் போயிட்டு வந்து மூணு நாள் எங்கிட்டப் பேசல. அம்புட்டும் எதுக்கு? இந்த துரைசிங்கத்துக்கு ஒரு நாள் சேரணும்னு தோணுனா நானும் சேந்துக்கணுமா?

இன்னைக்கு வத்தலக்குண்டுல கையெழுத்து. கையெழுத்துப் போட்டு முடிச்ச கையோட எல்லாக் குழுவும் சேந்து ஆட்டம். ஊர்ப்பட்ட கூட்டமாம். காலையில என் ஒம்போது பேரையும் வேன்ல ஏத்தி, "முன்னாடி போங்க, பின்னாடியே வர்றேன்"னு அனுப்பி வச்சேன். நல்லாச் சிரிச்சுக்கிட்டுத்தான் ஏறுனாளுக. பல நாளைக்கு அப்புறம் சிரிச்சாளுக. அப்புறம் நான் வந்து இந்த பஸ்ல ஏறிட்டேன்.

அஞ்சாவது கையெழுத்து இல்லாம ஒண்ணும் செல்லாது. ஆயிரம் பேரக் கூட்டி வச்சுக்கிட்டு, தீய மூட்டி வச்சுக்கிட்டு, பத்தொம்பது குழுவும் கையப் பிசைஞ்சுக்கிட்டு நிக்கட்டும். ஒரு பொம்பள வரலைன்னா என்ன ஆகும்னு இன்னைக்குத் தெரியட்டும்.

அந்தா, அடிக்குது. அவதான். போட்டோவப் பாரு, சிரிக்கிறதப் பாரு. எடுக்கவா? நீ சொல்றதும் சரி, எடுத்தாத்தான அவ தவிக்கிறது எனக்குக் கேக்கும்? ஸ்பீக்கர்ல போடுறேன், நீயும் கேளு. நீ பேசிறாத.

"ஹலோ, மதினி! எங்க வந்துக்கிட்டிருக்கீங்க?"

"வந்துக்கிட்டுத்தான் இருக்கேன். என்ன இப்போ?"

"ஒண்ணுமில்ல மதினி. கையெழுத்துக்காகப் பதறி ஓடிவர வேணாம்னு சொல்லத்தான் கூப்பிட்டேன். அது முடிஞ்சிருச்சு."

"எப்படி முடியும்? நான் போடலையே?"

"செயலாளர் அய்யா விதியப் படிச்சுப் பாத்தாரு மதினி. இருபது ஆளுக்குக் கொறஞ்சா பெரிய குழுக் கணக்குல வராதுன்னு இருக்காம்ல. உங்களையும் சேத்து உங்க குழு இப்ப பத்துப் பேருதான, அதனால நாலு கையெழுத்தே போதும்னுட்டாரு. போட்டாச்சு. மதினி? கேக்குதா?"

"ம்."

"நீங்க ஆட மட்டும் வந்தாப் போதும். உங்க பொண்ணுக ஒம்போது பேரும் காய்ச்சிக் கட்டி ரெடியா ஒக்காந்திருக்காங்க. மொத ஆட்டம் செங்காந்தள்தான்னு எல்லாரும் சேந்து முடிவு பண்ணிட்டாங்க. துரைசிங்கம் அண்ணன்தான் மொதல்ல சொன்னாரு, முத்துப்பேச்சி வராம எவனும் எறங்கக்கூடாதுன்னு. கூட்டம் ஒக்காந்திருக்கு. எங்க வர்றீங்க?"

"விருவீடு தாண்டிட்டேன். இந்தா வந்துட்டேன்."

"சரி மதினி. பைய வாங்க. காத்திருக்கோம்."

கேட்டியா? கேட்டியா தங்கச்சி? விதியப் படிச்சாங்களாம்! நான் எழுத வச்ச விதிய என் தலையிலயே போட்டிருக்காங்க. அதச் சொல்லும்போது அவ குரலப் பாத்தியா, எவ்வளவு பதமா, எவ்வளவு பணிவா! திட்டியிருந்தான்னாக்கூட மனசு ஆறியிருக்கும்.

ஏன் அப்படிப் பாக்குற? ஆமா, விருவீடுன்னுதான் சொன்னேன். விருவீடு அந்தப் பக்கம், நாம இந்தப் பக்கம். தெரியும். பொய்தான் சொன்னேன். இன்னும் பத்து நிமிஷத்துல வந்துருவான்னு வாசலையே பாத்துக்கிட்டு நிப்பாங்கல்ல, நிக்கட்டும். கையெழுத்து போனா என்ன? இது அதவிடப் பெருசு. பெரியகுளம் துரைசிங்கம் எனக்காகக் காத்திருக்காரு. அம்பது பேரு, சட்டையெல்லாம் போட்டுக்கிட்டு. சின்னக் குழுக்காரங்களுக்காகக் காத்திருக்க முடியாதுன்னு சொல்லித்தான பிரிஞ்சாரு? இப்ப பத்து ஆளு இருக்குற குழுவுக்காக வெயில்ல நிக்கிறாரு. ஆறு மாசமா நான் கேட்ட வரம் இது. இன்னைக்குக் கெடச்சிருக்கு.

நடுவுல எறங்கித் திரும்பிப் போகலாமேன்னு சொல்றியா? போகலாம். பேரையூர்ல எறங்கி எதுப்பக்கம் நின்னா ஒரு பஸ் வரும். ஆறு, ஆறரைக்குப் போயிரலாம். போகமாட்டேன். போனா அவங்க காத்திருந்தது நல்லதாப் போயிரும். நான் வர்றேன்னு அவங்க நெனச்சுக்கிட்டே நிக்கணும், நான் வராம இருக்கணும். அதுலதான் இருக்கு எல்லாமே.

என் பொம்பளைங்களா? அவளுகளுக்கு என்ன, ஒக்காந்திருப்பாளுக. ஒரு நாள் ஆடலைன்னா குடி முழுகிறாது.

இந்தா, மறுபடியும். எடுக்கமாட்டேன். பக்கத்துல வந்துட்டேன்னு நெனச்சுக்கட்டும். அடிச்சு ஓயட்டும்.

பாத்தியா, மறுபடியும். இது தங்கப்பொண்ணு இல்ல, துரைசிங்கம் அண்ணன். அவரே கூப்பிடுறாரு! ஒரு வருஷமா நான் கூப்பிட்டா எடுக்காத மனுசன். அடிக்கட்டும், அடிக்கட்டும். எனக்கு இந்தச் சத்தமே போதும்.

இதோ, இன்னொருக்கா. எங்க குழுப் பொண்ணு ஒருத்தி. இதுவரைக்கும் எத்தனன்னு எண்ணுனியா? நான் எண்ணிக்கிட்டுத்தான் வர்றேன். பதினாலு. இன்னும் வரும் பாரு. எம் பேரச் சொல்லி மைக்ல கூப்பிட்டுக்கிட்டிருப்பாங்க. கூட்டம் எந்திரிச்சு எந்திரிச்சு ரோட்டப் பாக்கும். எந்தப் போட்டியிலயும் எனக்கு இப்படி ஒரு நா அமைஞ்சதில்ல, சத்தியமாச் சொல்றேன்.

இது என்ன ஊரு? பேரையூரா? எறங்குறவங்க எறங்கிட்டாங்க போல. கெளம்பட்டும். நான் எறங்கல. உனக்கு எடம் பத்தலையா, கால நீட்டிக்க.

கண்ணு சொருகுதே உனக்கு. தூக்கமா? சரி சரி. சன்னல் பக்கம் சாஞ்சுக்க.

தங்கச்சி. மணி என்ன?

அஞ்சரையா? அதுக்குள்ளயா? பேரையூர்ல இருந்தே போன் அடிக்கல, கவனிச்சியா? டவர் கெடைக்கல போல. இந்தக் காட்டு ரோட்டுல எங்க கெடைக்கும். உன் போன்ல பாரு. கோடு இருக்கா? நாலும் இருக்கா?

அப்ப என் போன்லதான் ஏதோ கோளாறு. பழைய போனு, கீழ போட்டுப் போட்டு எடுத்தது. இல்லைன்னா அவளுக விடுவாளுகளா? துரைசிங்கம் அண்ணன் என்ன சொன்னாரு, முத்துப்பேச்சி வராம எவனும் எறங்கக்கூடாதுன்னு சொன்னாரு. நீயும் கேட்டேல்ல. ஸ்பீக்கர்லதான போட்டேன். நான் இல்லாம எப்படி ஆரம்பிப்பாங்க? என் ஒம்போது பேருக்கு யாரு மொத அடி எடுத்துக் குடுக்குறது? தங்கப்பொண்ணா? அவ குடுப்பா. எடது பக்கம் நின்னவதான, எல்லா அடியும் தெரியும். நிதானமா வேற குடுப்பா.

இல்ல, போன்தான் கோளாறு.

ஒரு உதவி செய்யி. என் நம்பரச் சொல்றேன், உன் போன்ல இருந்து ஒரு தடவ கூப்பிடு. ஒன்பது நாலு நாலு, ம், அப்புறம் ரெண்டு ஏழு ஏழு, எட்டு பூச்சியம், ஆறு ஒண்ணு. போட்டுட்டியா? போகுதா?

அடிக்குது.

நல்லாத்தான் அடிக்குது. சரி, போதும், கட் பண்ணிரு. சீக்கிரம் கட் பண்ணு தங்கச்சி. இந்நேரம் பாத்து அவ கூப்பிட்டா லைன் கெடைக்காது.